பின்பக்கம் வரவும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. சாலையோரத்தில் எழுதியிருக்கும் எதையும் படிக்காமல் தாண்ட முடியாது. கீழ்க்கட்டளையில் வீடு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வேலை. இரண்டுக்கும் நடுவே பல்லாவரம், பம்மல், திருநீர்மலை என்று வழி நெடுக போர்டும் பேனரும் சுவரொட்டியும்தான். கண்ணை மூடிக்கொண்டு பைக் ஓட்ட முடியாது என்பதால் படித்துத்தான் ஆக வேண்டும். படித்தால் எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடு போய்த்தான் இத்தனை வருடமாக கம்பெனி வாசலில் விரல் ரேகை வைக்கிறேன்.

வேலையும் அதற்கேற்ற வேலை. இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவன் நான். மேஜைக்கு வரும் ஒவ்வொரு பீஸையும் டிராயிங்கோடு ஒத்துப் பார்த்து, சரியில்லாததில் சிவப்பு பெயின்ட் வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் இதையே செய்கிறவனுக்கு வெளியே வந்த பிறகும் கை சும்மா இருக்காது. நொட்டை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பாள் என் மனைவி. அவள் சொல்வது உண்மைதான், ஆனால் நொட்டை என் கண்ணில் இல்லை, ஊரில் இருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள். எங்கள் தொழிற்பேட்டை வாசலில் ஒரு கம்பெனி போர்டு வைத்திருக்கிறது: ‘வெல்டர்கள் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை. மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள் மட்டும் வரவும்.’ பம்மலில் ஒரு மெஸ். வாசலுக்கு மேலே ‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை’. அதே சுவரில், அதற்குக் கீழேயே, புதிய கிளை திறப்பு விழாவுக்கு அனைவரும் வருக என்று பேனர். பல்லாவரத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவரொட்டியில் ‘ஒரே மாதத்தில் உங்கள் தொப்பை காணாமல் போகும்’ என்று பெரிதாகப் போட்டு, ‘காணாமல் போகும் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பணம் கட்டிச் சேருகிறவன் எதை நம்பிச் சேருவான்?

மாலைப் பத்திரிகைகளின் கதை தனி. பெட்டிக்கடையில் தொங்கும் தாளில் ஒருநாள் ‘மழை வருமா, வராதா? அதிகாரிகள் உறுதி’ என்று போட்டிருந்தது. எதை உறுதி செய்தார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். வாங்கிப் படித்தால் தெரியும் என்றார். வாங்கினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். மழையைப் பற்றி ஒரு வரி இல்லை. திரும்பப் போய் அவரிடமே கேட்டதற்கு, தலைப்பு நேற்றையதாக இருக்கும், இன்னும் மாற்றவில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வாழைப்பழத்தைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் நேரில் போய்ச் சொல்லித்தான் பார்த்தேன். அந்த மெஸ்காரரிடம், இரண்டில் ஒன்றை எடுங்கள், படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று பணிவாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாப்ட வந்தியா சார், பட்ச்சிகினு போக வந்தியா?”

அன்றைக்குப் பட்ட அவமானத்தில்தான் போட்டோ எடுக்கும் பழக்கம் வந்தது. பள்ளிக்கூட நண்பர்கள் நாற்பது பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலை வணக்கமும் சாவுச் செய்தியும் தவிர அதில் எதுவும் வராது. அதில் தினமும் ஒரு போர்டு, கீழே என் கைவண்ணத்தில் ஒரு வரி என்று போட ஆரம்பித்தேன். ஒருநாள் விட்டுப்போனால் எங்கே இன்றைய போர்டு என்று கேட்டு ஆளாளுக்கு எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர்கூடத் தெரியாதவர்கள் அவர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் தெரு முனையில் சிமென்ட், செங்கல், ஜல்லி விற்கும் கடை இருக்கிறது. கடைக்காரர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் வீடு நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் நெல் போட்டிருந்தது. கடைக்கும் குடோனுக்கும் நடுவே ஒரு சின்ன ஷெட். அதில் ஏழெட்டு வருடமாக ஒரு மீன்காரம்மா உட்கார்ந்திருந்தார். கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து விடியற்காலை ஷேர் ஆட்டோவில் அன்னக்கூடையோடு வந்து இறங்குவார். எந்த வீட்டுக்கு முள் ஆகாது, எந்த வீட்டில் தலையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், யார் வீட்டுப் பூனைக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய கணவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த ஷெட்டை நம்பித்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

புரட்டாசி மாதம் மட்டும் ஷெட் காலியாக இருக்கும். கடைக்காரர் குடும்பம் பெருமாள் குடும்பம். அவருடைய அண்ணன்தான் ஊர் பஜனை கோஷ்டிக்குத் தலைவர். சனிக்கிழமைதோறும் நாமம் போட்டுக்கொண்டு, செம்பு எடுத்து, கோவிந்தா சொல்லிக்கொண்டே இங்கிருந்து திருநீர்மலைக்கு நடந்து போவார்கள். அவர்கள் இடத்தில், தெருவைப் பார்க்க, அந்த மாதத்தில் மீன் வெட்ட முடியாது. மீன்காரம்மாவும் அதைக் கேள்வி கேட்டதில்லை. குடோனுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது, அங்கே ஒரு தெர்மாகோல் பெட்டியோடு உட்கார்ந்துகொள்வார். தெரிந்தவர்கள் அங்கே போய் வாங்கிக்கொள்வார்கள்.

போன புரட்டாசி முதல் வாரம், வேலைக்குக் கிளம்பிப் போகும்போது அந்த ஷெட்டில் புதிதாக ஒரு தகர போர்டு தொங்கியது. நீலத்தில் வெள்ளை எழுத்து.

‘புரட்டாசி மாதத்தில் இங்கு மீன் விற்பனை கிடையாது. வேண்டுவோர் பின்பக்கம் வரவும்.’

பக்கத்திலேயே கடைச் சுவரில் பெரிய திருமண், சங்கு, சக்கரம். எனக்குக் கை பரபரத்தது. வண்டியை நிறுத்தி, போர்டு, நாமம், கடைப் பெயர் மூன்றும் ஒரே படத்தில் வரும்படி எடுத்தேன். பீஸ் முழுதாகத் தெரிய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நின்றவாக்கிலேயே கீழே ஒரு வரியும் எழுதினேன்: ‘பெருமாளுக்கு முன்வாசல், நாக்குக்குப் பின்வாசல்.’ நான் எழுதியதிலேயே சிறந்த வரி அதுதான் என்று கம்பெனி போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாற்பது பேரில் முப்பது பேர் சிரித்திருந்தார்கள். மறுநாள் எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸ்காரர், உங்களுக்குப் பிடிக்குமே சார் என்று சொல்லி ஒரு படம் அனுப்பினார். என்னுடைய படம். என்னுடைய வரி. என் பெயர் மட்டும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்த வருத்தம் பெயர் இல்லையே என்பதுதான்.

அதற்குப் பிறகு அது எங்கெங்கோ போனது. கிண்டல் படங்கள் போடும் பக்கம் ஒன்றில் வந்தது. வேளச்சேரியிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வண்டியில் வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். இரண்டு பேர் சந்துக்குள்ளேயே போய், பின்பக்கம் வந்துவிட்டோம் என்று சொல்லி மீன்காரம்மாவை வீடியோ எடுத்திருக்கிறார்கள். ஒருவரும் மீன் வாங்கவில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் அடுத்த போர்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமைக்கு அடுத்த நாள். சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பார். ஞாயிற்றுக்கிழமை என்ன சாம்பார் என்று கேட்டுவிட்டேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“போன வாரம் சங்கரா குழம்பு சாப்பிட்டீங்களே, அது எந்த வாசல் வழியா வந்துச்சுன்னு நினைச்சீங்க?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். சனிக்கிழமை கோஷ்டி திருநீர்மலை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒருவர் தன் போனை நீட்டி, இது உங்கள் கடைதானே என்று கடைக்காரரின் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். சுற்றி ஐம்பது பேர். அவர் அப்படியே எழுந்து படி இறங்கி வந்துவிட்டாராம். சாயங்காலமே மீன்காரம்மாவைக் கூப்பிட்டு, இனிமேல் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், புரட்டாசி முடிந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் போய்ப் பேசியும் நடக்கவில்லை. என் மனைவியும் போயிருக்கிறாள். அங்கே அந்தப் படத்தைக் காட்டினார்கள், கீழே இருந்த வரியைப் படித்ததும் யார் எழுதியது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றாள்.

நான் முதலில் கோபப்பட்டது என் நண்பர்கள் மேல். படத்தை எடுத்துவிடுங்கள் என்று குழுவில் எழுதினேன். சிரிக்கிற பொம்மைகள் வந்தன. சீரியஸாகச் சொல்கிறேன் என்று எழுதினேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், நான் அதையும் நகைச்சுவையாக எழுதுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கிண்டல் பக்கத்துக்கு எழுதினேன், பதிலே இல்லை. கம்பெனியில் ஒரு பீஸ் தப்பாக வெளியே போய்விட்டால் போன் செய்து லாரியைத் திருப்பிவிடலாம். இதை எங்கே போய்த் திருப்புவது? பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது.

கடைசியில் கடைக்காரரிடமே போனேன். உண்மையைச் சொல்லி, தப்பு என்னுடையது, அந்த அம்மாவை விட்டுவிடுங்கள் என்று கேட்பதாக உத்தேசம். நெற்றியில் நாமத்தோடு கணக்கு நோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மீன்காரம்மா பேச்சை எடுத்ததும் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புது அபார்ட்மென்ட்காரர்கள் வந்ததிலிருந்தே தொந்தரவு என்றார். மற்ற வருடங்களில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். இவர்கள் நேரே கடைக்குள் வந்து, நாமம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம், மீன் எங்கே, இன்றைக்கு வஞ்சிரம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருநாளைக்குப் பத்துப் பேர். பொறுக்க முடியாமல் இவர்தான் மீன்காரம்மாவிடம் ஒரு போர்டு எழுதி வைக்கச் சொன்னாராம்.

“அத்த மாட்னதே நான்தான் சார். கம்பி கட்டி நானே மாட்னேன். பட்ச்சிட்டுதான் மாட்னேன். எனுக்கு ஒண்ணும் தப்பா தெர்ல.”

அப்படியென்றால் அந்த அம்மாவைத் திரும்ப வைத்துக்கொள்ளலாமே அண்ணா என்றேன். அவர் வெளியே ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“என் பொண்ணு புள்ள பெத்து வூட்டுக்கு வந்துகீது. பால் சுறா குட்தாதான் பால் ஊறும்னாங்க. புரட்டாசின்னா கொழந்த கேக்குமா? பின்னால சந்துல வாங்கிக் குட்தோம். எங்கண்ணனுக்கும் தெரியும் சார். தெரியாத மாரி இருந்தாரு. இப்ப அவரு போன்லயே வந்துகீது. இனிமே எப்டி தெரியாத மாரி இருப்பாரு?”

பிறகு தன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். என் வரியை மெதுவாக, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல, வாய்விட்டுப் படித்தார். நாக்குக்குப் பின்வாசல் என்று முடித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். இதை எழுதியவனுக்கு வீட்டில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருந்ததே இல்லை போலிருக்கிறது என்றார். டீ வந்தது. குடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே எழுந்து வந்துவிட்டேன். என் கோழைத்தனத்தின் மேல் வந்த ஆத்திரம் அடங்க எனக்கு நாலு நாள் ஆனது.

அந்த அண்ணனைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதி. அவர் அப்படி இல்லை. இத்தனை வருடம் பார்த்தும் பாராமல் இருந்தவர் அவர். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் பிள்ளை பெற்றவள், வயசானவர், விரதம் இல்லாத வீடு என்று இரண்டுக்கும் இடம் விட்டு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டியவன் நான். சிவப்பு பெயின்ட் வைத்தவனும் நான்.

மீன்காரம்மா எங்கே போனார் என்று தெரிய ஒரு மாதம் ஆனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம் போகும் சாலையில் வண்டிகள் தேங்கி நின்றபோது பார்த்தேன். வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புக் குடையைக் கல்லில் முட்டுக்கொடுத்து, அதன் கீழே பாதி நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் போகும்போதெல்லாம் சேறு தெறித்தது. கூடையில் மூன்று நான்கு மீன்தான் இருந்தது. கூடையின் மேல் மூடியாக வைத்திருந்தது அந்த நீல போர்டு. எழுத்து மேல்பக்கம் பார்த்து இருந்தது.

என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, வூட்டம்மா நல்லாகீறாங்களா, முழங்கால் வலி தேவலையா என்று கேட்டார். இங்கே வியாபாரம் எப்படி என்று மட்டும் கேட்டேன். புது இடம், ஆள் பழக நாளாகும், அதுவரைக்கும் பேஜார்தான் என்றார். குப்பத்திலிருந்து இன்னும் ஒரு ஆட்டோ மாற வேண்டியிருக்கிறதாம். வீட்டுக்காரர் வலை பின்னப் போகிறாராம், கண் தெரியவில்லை, ஆனாலும் போகிறாராம். இதையெல்லாம் யார் மேலும் குறை சொல்லாமல் சொன்னார். குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சாலையில் நின்றிருந்த பைக்கில் இரண்டு பேர் போர்டைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்தார்கள். ஒருவன் போனை எடுத்தான். சிக்னல் விழுந்ததும் போய்விட்டார்கள். மீன்காரம்மா அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தனக்குப் படிக்கத் தெரியாது, அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லச் சொன்னார். அங்கே சிரித்தார்கள், இடம் போய்விட்டது, இங்கே வந்தும் சிரிக்கிறார்கள் என்றார்.

படித்தேன். மழைச் சத்தத்தில் இரண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்.

“நான் போர்டுகாரன்கிட்ட சொன்னது அதான சார்? கரீட்டாதான எழ்திகீறான்?”

கரெக்டாகத்தான் எழுதியிருக்கிறார் என்றேன். இத்தனை வருடத் தொழிலில் ஒரு பீஸில் நொட்டை கண்டுபிடிக்க நான் அவ்வளவு பாடுபட்டதில்லை. புரட்டாசியில் அங்கே விற்பனை கிடையாது, வேண்டுகிறவர்கள் பின்பக்கம் வர வேண்டும். உள்ளதை உள்ளபடி சொன்ன போர்டு. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் நான் படித்த போர்டுகளிலேயே ஒரு பொய்யும் இல்லாதது அதுதான்.

இனியும் சொல்லாமல் நின்றால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. குனிந்து, அந்தப் போட்டோவை எடுத்தவன் நான்தான் அம்மா, ஊருக்கெல்லாம் அனுப்பியவனும் நான்தான் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்றுதான் விரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. போர்டை எடுத்து, ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, எழுத்து கீழே போகும்படி புரட்டி மீன் மேல் வைத்தார்.

“போட்டா எட்தா இன்னா சார், எட்துகினு போ. நான் கேக்கறது அது இல்ல. நான் சொன்னதும் தப்பில்ல, அவன் எழ்தனதும் தப்பில்லன்ற. அப்பால இன்னாத்துக்கு சார் அல்லாரும் சிரிச்சீங்க?”